கண்டியில் ஒரு யப்பானியக் கிண்ணம்

மலைகள் நாற்புறமும் வேலியிட்டாற்போல நிற்க, நடுவிலே குளமும், குளத்தின் கரையிலே தலதா மாளிகையுமாகத் திகழும் கண்டி மாநகரை அறியாத தமிழர் இலர். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 75 மைல். 1867ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மலைப் புகையிரதப் பாதை இன்றும் நம்மை மெதுவாக வளைத்து வளைத்து மேலே கொண்டு சேர்க்கின்றது. மாளிகையையும் பெரஹராவையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் பற்றி எழுதியோர் பலர். நாம் இங்கு எழுதப் புகுந்தது அவற்றைக் காணச் சென்ற வழியில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கிண்ணம் நமக்குக் காட்டிய கண்டியைப் பற்றி.

சென்ற விடுமுறையில், கல்லூரியிற் பயிலும் மருமகனை உடன் அழைத்துக்கொண்டு கண்டிக்குச் சென்றோம். தங்கியது கட்டுக்கலைப் பகுதியில், உறவு முறையில் நமக்கு ஆச்சியாகும் மூதாட்டி ஒருவரின் இல்லத்தில். ஆச்சியின் தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியில் இலிகிதராய் இருந்து, போர் முடிந்தபின் 1946இல் தாயகம் திரும்பியவர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் ஊர் ஒவ்வொன்றிலும் ‘மலாயாப் பென்சன்காரர்’ நாலைந்து பேராவது இருந்தனர்.

தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, கண்ணாடி அலுமாரியின் மேற்றட்டில் இரு பொருள்கள் அருகருகே இருக்கக் கண்டோம். ஒன்று, நன்கு துலக்கிய பித்தளைச் செம்பு. அதன் கழுத்திலே ‘வே. க.’ என இரண்டு எழுத்துகள் உளியாற் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருந்தன. மற்றது, அகன்று தாழ்ந்த வாயுள்ள ஒரு சிறு பீங்கான் கிண்ணம். மருமகன் அதனை எடுத்துப் பார்க்க விழைந்தான்.

“கவனம், மோனை. அது எங்கட சாமான் இல்லை,” என்றார் ஆச்சி.

கிண்ணத்தின் கதை

கிண்ணத்தின் உட்புறத்திலே ஐந்து முனை கொண்ட விண்மீன் ஒன்றும், செர்ரி மலர்கள் இரண்டும், அவற்றின் கீழே ஒரு வட்டத்துள் மூன்று இலைகளும் தீட்டப்பட்டிருந்தன. ஓரமாகப் பொன்னிற மையில் யப்பானிய எழுத்துகள் சில. பொன்னிறம் பாதி தேய்ந்திருந்தது.

யப்பானில் சில ஆண்டுகள் தொழில் பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவருக்கு மருமகன் அதனைப் படமெடுத்து அனுப்பினான். மறுநாட் காலை விடை வந்தது. ‘காலாட்படை, சேவை முடித்து விலகியதன் நினைவாக, தைஷோ 10ஆம் ஆண்டு’ என்று எழுதியிருக்கின்றது. பக்கத்தில் ஒரு குடும்பப் பெயரும் உள்ளது என்றார் நண்பர். தைஷோ 10 என்பது நமது கணக்கில் 1921.

யப்பானில் 1873இல் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்தது. அன்று முதல் உழவன் மகனும் வணிகன் மகனும் இருபது வயதளவில் படைக்குச் செல்ல வேண்டியவராயினர். ஓர் இளைஞன் படைக்குப் புறப்படும் வேளை ஊராரும் உறவினரும் வழிச் செலவுக்குப் பணமும் பொருளும் அளித்து வழியனுப்புவர். அவன் உயிருடன் சேவை முடித்துத் திரும்பினால், அந்த அன்புக்கு ஈடாக அவனும் அவன் குடும்பமும் ஏதேனும் திருப்பிக் கொடுத்தல் வழக்கம். நம்மவர் மொய் எழுதி, மறுமுறை அதனைத் திருப்பிச் செய்வது போன்ற முறையே இது. அவ்வாறு கொடுக்கும் பொருள்களுள் மிகவும் பரவியிருந்தது, அரிசியிலிருந்து வடிக்கும் ‘சாக்கே’ என்னும் பானத்தைப் பருகும் இச்சிறு கிண்ணம். பீங்கானிலும் அரக்குப் பூசிய மரத்திலும் உலோகத்திலும் இவை செய்யப்பட்டன. படைப்பிரிவின் பெயர், விண்மீன், கொடி, செர்ரி மலர், தலைக்கவசம் முதலியன அவற்றிலே தீட்டப்பெறும். இரஷ்யாவுடன் நிகழ்ந்த 1904–1905 போரின் நினைவாகவும், பின்னர் வந்த போர்களின் நினைவாகவும் எண்ணிறந்த கிண்ணங்கள் வழங்கப்பட்டன.

இவை அரசாங்கம் அளித்த விருதுகள் என்று பலர் எண்ணுவதுண்டு. பேரரசர் பெயரால் வழங்கப்பட்ட கிண்ணங்கள் வேறு. அவற்றிலே பதினாறு இதழ்ச் செவ்வந்தி போன்ற அரச சின்னங்கள் இருக்கும். ஆச்சி வீட்டுக் கிண்ணமோ ஒரு குடும்பம் தன் பணத்திற் செய்வித்து, ‘எங்கள் பிள்ளை வந்துவிட்டான்’ என்று ஊருக்கு அறிவித்த கிண்ணம். அதனாலேதான் படையின் விண்மீனுக்குக் கீழே அக்குடும்பத்தின் சின்னமும் இடம்பெற்றிருந்தது.

வட்டத்துள் மூன்று இலைகள்

குடும்பச் சின்னத்தை யப்பானியர் ‘மொன்’ அல்லது ‘கமொன்’ என்பர். முற்காலத்தில் அரசவைப் பிரபுக்கள் தம் வண்டிகளையும் உடைகளையும் அடையாளம் காட்ட இவற்றைப் பயன்படுத்தினர். பின்னர்ப் போர்க்குடியினர் கொடியிலும் கூடாரத்திலும் இவற்றைத் தீட்டினர். போர்க்களத்தின் புழுதியிலே நண்பனையும் பகைவனையும் தூரத்திலிருந்தே அறிய வேண்டுமன்றோ? ஆகவே ஒரே நிறத்தில், ஒரு வட்டத்துள் அடங்கும் எளிய வடிவாக அவை அமைந்தன. அமைதி நிலவிய காலத்தில் வணிகரும் உழவரும்கூடத் தத்தமக்குச் சின்னம் வைத்துக்கொண்டனர். திருமண உடையிலும், விளக்கிலும், கல்லறையிலும் இன்றும் அவற்றைக் காணலாம்.

ஐரோப்பியப் பிரபுக்களின் சின்னங்களிலே சிங்கமும் கழுகும் வாளும் மிகுதி. யப்பானியச் சின்னங்களிலோ இலையும் பூவுமே மிகுதி. நம் தெருக்களில் ஓடும் ‘மிட்சுபிஷி’ வாகனங்களின் முகப்பில் உள்ள மூன்று வைர வடிவங்களை நேயர்கள் கண்டிருப்பர். அந்நிறுவனத்தை நிறுவிய இவசாக்கி குடும்பத்தின் மூன்று அடுக்கு வைரச் சின்னமும், அவர் சேவித்த யமவுச்சி பிரபுவின் மூன்று கருவாலி இலைச் சின்னமும் இணைந்து உருவானதே அது. ஒரு குடும்பத்தின் அடையாளம் உலகெங்கும் ஓடித்திரியும் விந்தை அது!

ஆச்சி வீட்டுக் கிண்ணத்திலே உள்ள மூன்று இலைகள், ‘கதபாமி’ என யப்பானியர் அழைக்கும் சிறு பூண்டின் இலைகளாம். யப்பானிலே மிகுதியாக வழங்கும் ஐந்து சின்னங்களுள் அதுவும் ஒன்று. அப்பூண்டின் படத்தைப் பார்த்ததும் ஆச்சி சிரித்துவிட்டார்.

“இது எங்கட புளியாரை எல்லோ! பின் வளவில வந்து பார்.”

சென்று பார்த்தோம். மதிலோரம், கிணற்றங்கரையின் ஈரத்திலே, நெஞ்சு வடிவான மூன்று சிறு இலைகளும் மஞ்சள் நிறப் பூவுமாகப் புளியாரை படர்ந்து கிடந்தது. கீரையாகவும் மருந்தாகவும் நம்மவர் அறிந்த அதே பூண்டு! பிடுங்கப் பிடுங்க மீண்டும் முளைப்பது அதன் இயல்பு. குலம் அறாது தழைக்க வேண்டும் என்னும் விருப்பத்தாலேயே யப்பானியக் குடும்பங்கள் அதனைச் சின்னமாகக் கொண்டனவாம். அதன் புளிப்பான இலையைத் தேய்த்து முற்காலத்தில் உலோகக் கண்ணாடிகளைத் துலக்கினர் என்றும் கூறுவர். ஆச்சி பழப்புளி தேய்த்துச் செம்பைத் துலக்குவதற்கும் இதற்கும் எத்துணைத் தூரம்?

கொடிகளின் நகரம்

பகலில் நகரைச் சுற்றிவந்தோம். சின்னம் என்னும் சொல் மனத்திலே பதிந்துவிட்டமையால், அன்று கண்ட யாவும் அதனையே நினைவூட்டின.

கண்டி இராச்சியத்தின் ஒவ்வொரு திசாவைக்கும் தனிக்கொடி உண்டு. சத்தர கோறளையின் கொடியிலே ஞாயிறும் திங்களும். ஊவாவின் கொடியிலே அன்னம். ஆடி, ஆவணித் திங்களில் நிகழும் அசல பெரஹராவிலே இக்கொடிகள் இன்றும் அணிவகுத்துச் செல்கின்றன. அரசரின் கொடியிலே வாளேந்திய சிங்கம். கண்டியின் கடைசி மன்னராகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் நாயக்கர் வழியினர். கண்ணுசாமி என்பது அவரது இளமைப் பெயர். நாம் உலாவிய குளமும் அவர் வெட்டுவித்ததே. அவர் 1815 பெப்ரவரியில் பிடிபட்டார். மறுமாதம் 2ஆந் தேதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மன்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே 1832இல் காலமானார். அவருடைய கொடியோ கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்று, இலண்டனில் முதிய போர்வீரர் வாழும் செல்சி இல்லத்திலே பிற வெற்றிப் பொருள்களுடன் தொங்கிற்று. ஈ. டபிள்யூ. பெரேரா என்னும் பெரியார் அதனை அங்கு தேடிக் கண்டு, 1916இல் வெளிவந்த தமது நூலிலே பதிவு செய்தார். 1948இல் இலங்கை விடுதலை பெற்றபோது அச்சிங்கமே மீண்டும் கொடியேறியது.

மன்னர் ஓரிடத்திலும் அவர் சின்னம் வேறோரிடத்திலுமாகப் பிரிந்துபோயின. வென்றவன் வீட்டுச் சுவரிலே தோற்றவனின் சின்னம் அலங்காரப் பொருளாகிவிடுகின்றது. ஆச்சியின் அலுமாரியை நினைத்துக்கொண்டோம். ஆனால் அங்கு வென்றவர் யார், தோற்றவர் யார்?

தலதா மாளிகைக்கு எதிரே பத்தினி தேவாலயம் உள்ளது. பத்தினி நம் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் இமயத்திலே கல்லெடுத்து, நீர்ப்படுத்தி, நட்டு வாழ்த்திய விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகுவும் வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறும். இறந்தோர்க்குக் கல் நடுதல் தமிழரின் பழைய கடமை. அதற்குரிய படிமுறைகளைத் தொல்காப்பியமே வகுத்துள்ளது. தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில், ஆநிரைப் போரில் மாண்ட வீரனின் பெயரும் ஊரும் தமிழி எழுத்திலே பொறிக்கப்பட்டுள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவன் பெயரை நாம் படிக்கின்றோம். இதனை மருமகனுக்கு விளக்கியபடியே பேராதனை வீதிக்கு வந்தோம்.

பூந்தோட்டத்திலே போர்த் தலைமையகம்

மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து அணைத்துச் செல்லும் பேராதனைப் பூந்தோட்டம் 147 ஏக்கர் பரப்புடையது. அரச பனைகள் இருமருங்கும் அணிவகுத்த சாலையிலே இன்று பாடசாலைப் பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றனர். ஆயின் 1944 ஏப்பிரல் முதல் இத்தோட்டம் தென்கிழக்காசியப் போர் முழுவதற்கும் மூளையாக விளங்கிற்று. நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகத்தை மௌண்ட்பேட்டன் பிரபு தில்லியிலிருந்து இங்கு மாற்றினார். மரநிழலிலே ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. பர்மாவிலே யப்பானியரை எதிர்த்த படைகளுக்குரிய திட்டங்கள் இங்கு வகுக்கப்பட்டன. அத்தலைமையகத்தின் சின்னம் என்னவென்று அறிவீர்களா? தீயினின்றும் மீண்டெழும் பீனிக்ஸ் பறவை. சிங்கப்பூரையும் மலாயாவையும் பர்மாவையும் இழந்தவர்கள், மீண்டெழுவோம் என்பதைச் சொல்லால் அன்றிச் சின்னத்தால் உரைத்தனர்.

போர் இலங்கையையும் தீண்டாமலில்லை. 1942 ஏப்பிரல் 5ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. கொழும்பை விட்டுக் குடும்பம் குடும்பமாக மக்கள் ஊர்களுக்கு ஓடிய கதையை முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

இருநூறு கல்லறைகள்

தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில், பிட்டகந்தையில் உள்ள போர்வீரர் மயானத்திற்குச் சென்றோம். சரிவான புற்றரை; நேர்வரிசையாகச் சுமார் இருநூறு கல்லறைகள். பெரும்பாலோர் பிரித்தானியர். அவர்களுடன் கிழக்காபிரிக்கர், இலங்கையர், இந்தியர், கனடியர், இத்தாலியர் ஆகியோரும் துயில்கின்றனர். நோயாலும் விபத்தாலும் போர்க்காயத்தாலும் மாண்டோர் இவர்கள். கிழக்காபிரிக்க வீரர் இங்கு எதற்கு வந்தனர் என்று மருமகன் வினவினான். பர்மாவுக்குச் செல்லுமுன் அவர்களுடைய 11ஆம் படைப்பிரிவு இலங்கைக் காடுகளிலே பயிற்சி பெற்றது. தம் ஊர்ப் பெயரைக்கூட அறியாத தேசத்திலே அவர்களுட் சிலரின் பயணம் முடிந்துவிட்டது.

பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழு 1917இல் நிறுவப்பட்டது. அதன் விதி எளியது: பதவியாலும் இனத்தாலும் சமயத்தாலும் வேற்றுமை இல்லை, தளபதிக்கும் சமையற்காரனுக்கும் ஒரே அளவுக் கல். கல்லின் தலைப்பிலே அவரவர் படைப்பிரிவின் சின்னம் அல்லது நாட்டின் சின்னம். கடற்படைக்கு நங்கூரம், வான்படைக்குச் சிறகு விரித்த பறவை, கனடியருக்கு மேப்பிள் இலை. அதன் கீழே எண், பதவி, பெயர், மரித்த நாள், வயது. அடியிலே சிலவற்றில் இரண்டொரு வரிகள். அவை மட்டும் குடும்பத்தார் தேர்ந்தளித்தவை.

நின்று படித்தோம். பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்தாறு என வயதுகள். மருமகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, கிண்ணத்திலே மேலே படையின் விண்மீன், கீழே குடும்பத்தின் சின்னம் இருந்தது. இங்கேயும் மேலே படையின் சின்னம், கீழே குடும்பத்தின் வார்த்தை. இரண்டும் ஒன்றுதான், அல்லவா?” என்றான்.

ஒன்றேதான். ஒரு வேறுபாடு உண்டு. கிண்ணம், பிள்ளை திரும்பி வந்தான் என்று கூறுகின்றது. கல், அவன் திரும்பவில்லை என்று கூறுகின்றது.

செம்பின் கதை

அன்றிரவு ஆச்சியிடம் கிண்ணம் வந்த வகையைக் கேட்டோம். யப்பானியர் மலாயாவை ஆண்ட மூன்றரை ஆண்டுகளும் ஆச்சியின் தந்தையார் புகையிரத நிலையம் ஒன்றிலே பணியாற்றினார். அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்கே உணவு. அந்நிலையத்திலே இளம் யப்பானியச் சிப்பாய் ஒருவன் காவலிருந்தான். 1945இல் யப்பான் சரணடைந்தபின், கைதியாகச் செல்லுமுன், தன் பையிலிருந்த இக்கிண்ணத்தைத் துணியிற் சுற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனானாம். ஏன் கொடுத்தான் என்பதைத் தந்தையார் ஒருபோதும் விரிவாகச் சொன்னதில்லை. 1921இல் சேவை முடித்தவனின் கிண்ணத்தை 1945இல் வைத்திருந்தவன் அவனது மகனாக இருக்கலாம். தந்தை உயிருடன் மீண்டதற்கு அடையாளமான பொருளை, தானும் மீள வேண்டும் என்னும் நம்பிக்கையிலே மகன் உடன் கொண்டுவந்தான் போலும் என்று எண்ணினோம்.

“ஆனா அம்மா அதை வீட்டுக்குள்ள வைக்க விடேல்ல. கனகாலம் கோடிப்புறத்துப் பெட்டிக்குள்ளதான் கிடந்தது,” என்றார் ஆச்சி.

காரணம் அந்தச் செம்பு. ‘வே. க.’ என்பது ஆச்சியின் தாய்மாமன் பெயரின் முதலெழுத்துகள். அவரும் மலாயாவிலேயே, வைத்தியசாலையில் மருந்து கட்டும் வேலையில் இருந்தார். யப்பானியர் சீயத்துக்கும் பர்மாவுக்கும் இடையே காட்டை வெட்டி 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை அமைத்தபோது, தொழிலாளரோடு அவரையும் கொண்டு சென்றனர். 1942இல் தொடங்கிய அவ்வேலை 1943 ஒக்டோபரிலே முடிந்தது. அதிலே உழைத்த நேச நாட்டுக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். மாண்டோர் 12,000க்கு மேற்பட்டோர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர், பர்மியர், சாவகர், மலாயர் ஆகியோருள் மாண்டவர் தொகை அதனினும் பன்மடங்கு. வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுசென்றன.

கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலே மயானம் உண்டு. சுமார் 7,000 கல்லறைகள், பெயரும் சின்னமும் பொறித்தவை. படைகள் தத்தம் வீரரைக் கணக்கில் வைத்திருந்தன. கூலிகளுக்குக் கணக்கு வைத்தவர் யார்? தமிழ்த் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. கல் நட்டுப் பெயரெழுதும் மரபை உலகுக்குக் காட்டிய இனத்தின் மக்கள், பெயரின்றிக் காட்டு மண்ணிலே கலந்தனர்.

மாமனுக்கும் கல் இல்லை. இறந்த நாள் தெரியாமையால் திதியும் இல்லை. அமாவாசையிலே பொதுவாக விளக்கேற்றினர். எஞ்சியது, சீதனமாய்ப் போன பாத்திரங்களுள் ஒன்றாகிய இச்செம்பும், அதன் கழுத்திலே ஊர்க் கன்னான் பொறித்த இரண்டு எழுத்துகளுமே. நம் குடும்பங்களிலே பாத்திரத்திற் பெயர் வெட்டுவது கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பாத்திரம் மாறிப்போகாமல் இருப்பதற்காக. ஒரு மனிதரின் பெயர் உலகிலே நிலைத்து நிற்கும் ஒரே இடமாக அது ஆகுமென்று அந்தக் கன்னான் நினைத்திருப்பானா?

“மாமியின்ர மகன் திரும்பேல்ல. ஆரோ ஒருத்தன்ர கிண்ணம் மட்டும் வந்திருக்கு எண்டு அம்மா அழுவா. அவ செத்தாப் பிறகு அப்பு தான் இரண்டையும் ஒரே தட்டிலை வைச்சவர். ஏனெண்டு கேட்டன். ‘இரண்டும் தாய் பெத்த பிள்ளையளின்ர சாமான்தானே’ எண்டார். அவ்வளவுதான்.”

நாட்டின் வரலாற்றிலும் இத்தகைய ஒரு வேளை வந்தது. 1951 செப்டெம்பரில், யப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்வதற்காக சான் பிரான்சிஸ்கோ நகரிலே நாடுகள் கூடின. இலங்கையின் சார்பிலே சென்ற ஜே. ஆர். ஜயவர்த்தனா, பகையாற் பகை ஓயாது என்னும் புத்தர் போதனையை எடுத்துக்கூறி, இலங்கை நட்டஈடு கேளாது என்று அறிவித்தார். யப்பானியர் அதனை இன்றும் நன்றியுடன் நினைவுகூருகின்றனர். அது நாடு செய்த மன்னிப்பு. மேடையிலே, உலகறிய நிகழ்ந்தது. ஆச்சியின் தந்தையார் செய்ததோ ஓர் அலுமாரித் தட்டிலே ஓசையின்றி நிகழ்ந்தது. எது எளிது, எது அரிது என்று நேயர்களே தீர்மானிக்கட்டும். குடும்பம் இழந்தவர் மன்னிப்பதற்கும் நாடு மன்னிப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதே நம் கருத்து. சீயப் பாதையில் மாண்ட தமிழர் சார்பில் மன்னிக்கவோ கேட்கவோ அக்கூட்டத்தில் எவரும் எழுந்து நின்றாரில்லை.

யாருக்கு உரியது?

வெளிநாட்டிலுள்ள பேரன் ஒருவர், இத்தகைய கிண்ணங்களைச் சேகரிப்போர் பலர் உளர், நல்ல விலைக்கு விற்கலாம் என்று எழுதியிருக்கின்றாராம். உண்மையே. உலகெங்கும் இவற்றைத் திரட்டி வைப்போர் உண்டு. படைப்பிரிவின் பெயரையும் சின்னத்தையும் ஆராய்ந்து, மறைந்துபோன மனிதரின் வரலாற்றை மீட்போரும் அவர்களுள் இருக்கின்றனர். அவர்களை நாம் குறைகூற மாட்டோம்.

“விக்கவோ ஆச்சி?” என்று மருமகன் கேட்டான்.

“செம்பை விப்பியோ?” என்று திருப்பிக் கேட்டார் ஆச்சி. பிறகு மெல்லச் சொன்னார்: “பெயர் இருக்கெல்லோ, அடையாளமும் இருக்கெல்லோ. ஆரும் தேடி வந்தா அவையிட்டைக் குடுப்பம். தேடி வராட்டி, இஞ்ச இருக்கட்டும்.”

அக்குடும்பத்தைத் தேடுவது எளிதன்று. ஒரே பெயருடைய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. புளியாரைச் சின்னமும் அவ்வாறே. ஆயினும் பெயர், சின்னம், படைப்பிரிவு, ஆண்டு ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்தால் வழி பிறக்கலாம் என்றார் நம் நண்பர். அவர் யப்பானிலுள்ள தம் பழைய தோழர்களுக்கு எழுதுவதாக வாக்களித்துள்ளார். மருமகனோ வேறொரு வேலையைத் தானே மேற்கொண்டான். ஆச்சியை அருகிலிருத்தி, மாமனுடைய முழுப் பெயரையும், பிறந்த ஊரையும், அவர் மலாயாவுக்குக் கப்பலேறிய கதையையும் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியிலே எழுதினான். இரண்டு எழுத்தாய் இருந்தவர் அன்றிரவு நான்கு பக்கமாக வளர்ந்தார். நடுகல் எழுப்ப நம்மிடம் மலை இல்லை. கொப்பியும் பேனையும் உண்டு.

மாணவ நேயர்களுக்கு ஒன்று கூறுவோம். உங்கள் வீட்டுப் பரணிலும் அலுமாரியிலும் பெயர் வெட்டிய செம்போ, தட்டோ, குத்துவிளக்கோ இருக்கும். அவ்வெழுத்துகள் யாருடையவை என்று அறிந்த முதியவர் ஒருவரும் இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். இல்லாவிடின் நாளை அது வெறும் பித்தளை. நிறை பார்த்து விலை போகும்.

புறப்படும் காலையில் கிணற்றடிக்குச் சென்றபோது, ஆச்சி கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். மதிலோரத்துப் புல்லை எல்லாம் செருக்கி எடுத்திருந்தார். புளியாரையை மட்டும் விட்டிருந்தார். நாம் பார்ப்பதைக் கண்டு, “இதைப் பிடுங்கினாலும் திரும்ப வரும்,” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார்.